சேர்வர் கண்டியிலேயே இருக்கும்

சேர்வர் அறையில் வேலை பார்க்கிறவளிடம் யாரும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதில்லை, "வந்திருச்சா?" என்றுதான் கேட்பார்கள். வரவேண்டியது இன்டர்நெட்டாக இருக்கலாம், ஈமெயிலாக இருக்கலாம், பிரின்டருக்குள் சிக்கிய தாளாகவும் இருக்கலாம். எது வராவிட்டாலும் குற்றவாளி நான்தான். இதே தொழிலில் கிடந்து மாரடிக்கிறவர்கள் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். மற்றவர்கள் பயப்பட வேண்டாம். இந்தக் கதையில் கம்பியூட்டர் கொஞ்சம்தான், சண்டைதான் அதிகம்.

நான் வேலை செய்வது கண்டியில், பல்லேகலப் பக்கத்தில், மலைச்சரிவுகளையும் மண்ணையும் ஆராய்கிற ஒரு சின்ன நிலையத்தில். பெயர் சாந்தினி. ஊர் பன்வில, தேயிலைத் தோட்டம். பதவி, கணினி உதவியாளர். யாருக்கு உதவியாளர் என்று நியமனக் கடிதத்தில் எழுதவில்லை. பொறியியலாளர் என்று ஒருவரை எங்களுக்கு யாரும் அனுப்பாததால் கணினிக்கே உதவியாக இருந்துவருகிறேன்.

பென் டிரைவில் போன மழை

பன்வில பக்கத்துத் தோட்டங்களில் ஒவ்வொரு நாள் காலையும் எவ்வளவு மழை பெய்திருக்கிறது, மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளந்து பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறோம். மண்சரிவு வருமா என்று முன்கூட்டிச் சொல்ல முயல்கிறவர்களுக்கு அது பொக்கிஷம். அதற்குப் பொறுப்பு டொக்டர் யோகநாதன். மண் விஞ்ஞானி, யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக்கு வந்து தலை நரைத்த பிறகும் அவருடைய பேச்சில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு வெளிநாட்டுக் குழு வந்தது. தேத்தண்ணி குடித்தார்கள், தோட்டத்தில் நின்று படம் எடுத்தார்கள், போகும்போது தரவு முழுவதையும் ஒரு பென் டிரைவில் கேட்டார்கள். போட்டுக் கொடுத்தது நான்தான், என் கையால்தான். அடுத்த வருடம் பளபளவென்று ஒரு வரைபடப் புத்தகம் தபாலில் வந்தது. எங்கள் மலை இருந்தது, எங்கள் மழை இருந்தது. நிலையத்தின் பெயரும் இல்லை, டொக்டரின் பெயரும் இல்லை. போதாததற்கு இரண்டு தோட்டங்களை இடம் மாற்றிப் போட்டிருந்தார்கள். திருத்தச் சொல்லி மூன்று தடவை எழுதினோம். பதில் வரவில்லை. டொக்டர் புத்தகத்தை மூடி என் மேசையில் வைத்தார். "எங்கட மழையை நாங்கள்தான் அளந்தது எண்டு நிரூபிக்க இப்ப யாரிட்டப் போறது, பிள்ளை?"

புரொஜெக்டர் போடப் போன இடத்தில்

போன வருடம் இன்னொரு வாய்ப்பு வந்தது. மண்சரிவு எச்சரிக்கைக்காகப் பல நாட்டு ஆராய்ச்சி நிறுவனங்கள் கூட்டாக ஒரு திட்டம் தொடங்கின. எங்களையும் கேட்டிருந்தார்கள். தரவைப் பகிர்வது ஒரு கூட்டிணைந்த வலையமைப்பின் வழியாக. அதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். அதில் நடுவில் பெரிய சேர்வர் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் கோப்புகளைத் தன் சேர்வரிலேயே வைத்திருக்கும். ஜப்பானில் இருப்பவர் தன் நிறுவனத்துச் சேர்வருக்குள் நுழைந்தபடியே நாங்கள் திறந்துவிட்ட கோப்புறையைப் பார்க்கலாம். யாருக்குத் திறப்பது, எப்போது மூடுவது என்பதெல்லாம் எங்கள் கையில். பென் டிரைவ் கேட்கிற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் கொழும்புத் தலைமை அலுவலகம் ஒரு கடிதம் போட்டது. தரவு முழுவதையும் எங்களிடம் ஒப்படையுங்கள், உங்கள் சார்பில் நாங்கள் சேர்ந்துகொள்கிறோம் என்று. அதைப் பற்றிப் பேசத்தான் எங்கள் இயக்குநர் பண்டார சேர் கூட்டம் வைத்தார். நான் அங்கே போனது புரொஜெக்டர் போட்டுக் கொடுக்க. "நாமே சேர்வது என்றால் அதைச் செய்ய ஆள் எங்கே?" என்று சேர் சிங்களத்தில் கேட்டார். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். என் கையில் புரொஜெக்டர் வயர். "நான் செய்றேன் சேர்" என்று சொல்லிவிட்டேன். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. "செய்முறை எல்லாத்தையும் வாசிச்சிட்டேன். நம்ம மெசின் போதும். சேர்வர் கண்டியிலேயே இருக்கும்" என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பங்காளிகள் பட்டியலை மூட இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் முடியாவிட்டால், தரவை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொழும்புக்குப் போன் பண்ணப்போவது நானில்லை, நீங்கள்தான்."

ஈரச்சுவர்

எங்களிடம் இருந்த சேர்வர் பழையது என்றாலும் நல்ல சாதி. இருந்த இடம்தான் மோசம். மண் மாதிரிகள் அடுக்கிவைக்கும் களஞ்சிய அறை, ஒரு பக்கச் சுவரில் எப்போதும் ஈரம். மழைக்காலத்தில் அந்தச் சுவரில் கை வைத்தால் தவளையைத் தொட்டது போல இருக்கும். அங்கே வைத்துக்கொண்டு உலகத்தோடு சேரப்போகிறேன் என்றால் பின்வரிசைக்காரர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது.

கெலிஓயாவிலிருந்து நஸீர் நானாவைக் கூப்பிட்டேன். எங்கள் நிலையத்தின் மின்வேலைகளை எல்லாம் செய்கிறவர். மண் பெட்டிகளை மற்றப் பக்கத்துக்கு நகர்த்தி, சேர்வரைச் சுவரிலிருந்து ஆறடி தள்ளி உயரமான இரும்புத் தாங்கியில் ஏற்றினோம். யூ.பீ.எஸ்ஸின் பற்றரிகளை மாற்றினோம். பிறகு நானா சுவரில் இருந்த பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். எர்த் வயர் எங்கேயும் போய்ச் சேரவில்லை. சும்மா சுவருக்குள் சுருட்டி வைத்திருந்தார்கள். இத்தனை வருடமும் அந்த மெசின் தப்பியது அதிசயம். நானா வெளியே செப்புக் கம்பி இறக்கி, மூன்று நாள் நின்று எல்லாவற்றையும் சரியாகக் கட்டினார். போகும்போது கதவருகில் நின்று திரும்பிப் பார்த்தார். "தங்கச்சி, இந்த ரூமுல மனுசன் இருந்தாலே சளி புடிச்சி மௌத்தாப் போயிருவான். இனி இந்த மெசினுக்கு வாப்பாவும் நீங்கதான், உம்மாவும் நீங்கதான்."

சாப்பாட்டுப் பார்சல்

வலையமைப்பில் சேரச் சேர்வருக்கு ஒரு பெயர் வேண்டும். வெளியிலிருந்து அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் மெசின் பதில் சொல்ல வேண்டும். எங்கள் நிலையத்தின் இணையப் பெயர் கொழும்புத் தலைமை அலுவலகத்தின் பொறுப்பில் இருந்தது. அதற்குக் கீழே எங்களுக்காக ஒரேயொரு வரி எழுத வேண்டும். போன் எடுத்தேன். "உங்கள் கிரேட் என்ன?" என்பதுதான் முதல் கேள்வி. சொன்னேன். படிவம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். அது பழைய படிவம் என்றார்கள், புதியதை அனுப்பினேன். பத்து நாள் போனது. இரண்டு மாதத்தில் பத்து நாள் என்றால் எப்படி எரியும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பதினோராம் நாள் காலை ரயிலில் ஏறிக் கொழும்புக்கே போய்விட்டேன். பொறுப்பதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் வேலை செய்யாமல் இருப்பதில் பழக்கப்பட்டவர். "கண்டியில் இதைச் செய்யக்கூடிய ஒருவர் இருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்குமே" என்றார். "இப்ப தெரிஞ்சிருச்சு தானே சேர்" என்றேன். அடுத்த வாரம் பார்ப்போம் என்றார். "பரவாயில்ல சேர், எனக்குத் திரும்பிப்போக பின்னேர ரயில் இருக்கு. இருக்கிறேன்" என்று அவருடைய மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டுபோன சோற்றுப் பார்சலைப் பிரித்தேன். கருவாட்டுக் குழம்பு. குளிரூட்டிய அறை, சன்னல் எல்லாம் மூடிக் கிடந்தது. நான் வேண்டுமென்றேதான் மெதுவாகச் சாப்பிட்டேன். பாதிச் சோறு முடிவதற்குள் அவர் கம்பியூட்டர் பக்கம் திரும்பி அந்த ஒரு வரியை எழுதினார். "முடிந்தது, நாலு நிமிடம். மிஸ், இனிமேல் படிவத்தை மட்டும் அனுப்புங்கள், நீங்கள் வர வேண்டாம்."

சான்றிதழ்

பெயருக்கு அடுத்தது சான்றிதழ். இந்தப் பெயரோடு பேசுவது உண்மையிலேயே இந்தச் சேர்வர்தான் என்று மற்றச் சேர்வர்களுக்குக் காட்டுகிற மின்னணுச் சான்றிதழ். இலவசமாகக் கிடைக்கும், மூன்று மாதத்தில் முடியும், மெசின் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். எல்லாம் சரி. ஆனால் வார முன்னேற்ற அறிக்கையில் 'சான்றிதழ் பெறப்பட்டது' என்று நான் எழுதித் தொலைத்துவிட்டேன். அது நிர்வாகப் பிரிவு குமாரி மிஸ்ஸின் கண்ணில் பட்டது.

குமாரி மிஸ் பைல்களை அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையிலும் கைப்பையை மடியிலும் வைத்திருப்பவர். மூலப் பிரதி எங்கே என்று கேட்டார். மூலப் பிரதி இல்லை என்றேன். அப்படியென்றால் சமாதான நீதவான் உறுதிப்படுத்திய போட்டோக் கொப்பியாவது வேண்டும் என்றார். திரையில் காட்டினேன். அரைப் பக்கத்துக்கு எழுத்தும் எண்ணுமாக இருந்ததைப் பார்த்து, "கையெழுத்து எங்கே?" என்றார். "இதுதான் மிஸ் கையெழுத்து." நம்பவில்லை. கடைசியில் அந்த எண்களை அச்சடித்து, கீழே நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கி ரப்பர் முத்திரை குத்திப் பைலில் போட்டார். தொழில்நுட்பத்தில் அதற்கு ஓர் அர்த்தமும் இல்லை, ஆனால் அன்றோடு நிர்வாகப் பிரிவின் தடை நீங்கியது. முடிவுத் திகதியைப் பார்த்துவிட்டு மட்டும் கூப்பிட்டுச் சொன்னார். "நான் இருபது வருஷமா பைல் பாக்கிறேன் சாந்தினி, மூணு மாசத்தில காலாவதியாகிற சேட்டிபிகேட் வாங்கிட்டு சந்தோஷப்படுற ஆளை இப்பதான் பாக்கிறேன்."

குரங்குக்கு வழக்கில்லை

நாலாவது வாரம் ஒரு காலையில் இணைப்பு செத்துக் கிடந்தது. சேர்வர் ஓடுகிறது, சுவிட்ச் ஓடுகிறது, வெளியே மட்டும் எதுவும் போகவில்லை. மாடிக்கு ஏறிப் பார்த்தேன். கூரை விளிம்பில் ஒரு குரங்குக் குடும்பம். தாய்க்குரங்கின் கையில் எங்கள் பைபர் கேபிள். மூங்கில் குருத்தைக் கடிப்பது போல நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தது. கண்டியில் வேலை செய்கிறவர்களுக்கு இதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

இணைப்புக் கொடுத்த கம்பனிக்குப் போன் பண்ணினேன். அன்று ஸ்டேடியத்தில் மேட்ச், ஆட்கள் எல்லாம் அங்கே, மூன்று நாள் ஆகும் என்றார்கள். ஸ்டேடியம் எங்கள் சன்னலிலிருந்து தெரிகிற தூரம். தெரு முழுக்கக் கொடியும் ஊதுகுழலுமாக இருந்தது. அதற்குள் புகுந்து நடந்தே போய், ஸ்டேடியத்து வாசலில் கம்பனியின் வான் வண்டி நிற்கிறதா என்று தேடினேன். நின்றது. பக்கத்தில் இரண்டு தொழில்நுட்பவியலாளர்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கேபிளைப் பற்றிச் சொன்னேன். கெஞ்சவில்லை, சொன்னேன். மேட்ச் முடிந்ததும் முதல் வேலையாக மறுநாள் காலையே வருவதாக ஒத்துக்கொண்டார்கள். மூன்று நாள் ஒரு நாளாகியது. வந்து ஒட்டிக் கொடுத்தார்கள். நஸீர் நானா அதைத் தடித்த பைப்புக்குள் விட்டு இறுக்கினார். படிவத்தில் 'பழுதுக்குப் பொறுப்பானவர்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அவர்களிடம் கேட்டேன். மூத்தவர் கூரையைப் பார்த்தார். "எங்க பேரை எழுதாதீங்க மிஸ், உங்க பேரையும் எழுதாதீங்க. அது மேலே இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கு, அதுகிட்டயே கேளுங்க."

ஐந்து தடவை ஊற்றிய காலை

இணைப்பு இல்லாத அந்த ஒரு நாளின் மிச்சத்தை வீணாக்க வேண்டாம் என்று டொக்டர் யோகநாதன் என்னைப் பன்விலவுக்கு அழைத்துப்போனார். பகிரப்போகும் தரவில் அங்கங்கே வெற்றிடங்கள் இருந்தன. அவற்றைத் தோட்டத்தில் இருக்கும் கைப்பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். அங்கே மழைமானியைப் பார்ப்பவர் புஷ்பம் அக்கா. கொழுந்து பறிக்கப் போவதற்கு முன் ஒவ்வொரு காலையும் போத்தலில் சேர்ந்த மழைநீரை அளவுக் குவளையில் ஊற்றி, எண்ணைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் போவார். "வாங்க ஐயா, வா சாந்தினி, குந்துங்க" என்று பதிவேடுகளைக் கொண்டுவந்து அடுக்கினார். பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஒரு தாளும் நனையாமல் வைத்திருந்தார்.

எங்கள் கோப்பில் வெற்றிடமாக இருந்த ஒரு நாளை டொக்டர் தேடி எடுத்தார். அந்த நாள் எனக்கும் நினைவிருக்கிறது. மேல் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலை சரிந்து இறங்கிய நாள். அன்று காலை மழைமானியின் போத்தல் நிரம்பி, வெளிச் சட்டியிலும் தண்ணீர் நின்றிருக்கிறது. அக்கா எல்லாவற்றையும் குவளையில் ஊற்றி ஊற்றி அளந்து எழுதியிருக்கிறார். எண்ணைப் பார்த்துத் தானே பயந்துபோய்த் தோட்டத்து ஒபீசுக்கு ஓடியிருக்கிறார். யாரும் கணக்கெடுக்கவில்லை. உடனே மேல் லயத்துக்குப் போய், பிள்ளைகள், கிழவர்கள் என்று எல்லோரையும் சத்தம்போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு இறக்கியிருக்கிறார். மத்தியானம் மலை வந்தபோது லயத்துக் காம்பரா அறைகளில் ஆள் இல்லை. கோழிகளும் ஒரு தையல் மெசினும்தான் போயின.

எங்கள் நிலையத்தில் அந்தப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றியவர், இப்படி ஒரு எண் இருக்கவே முடியாது என்று நினைத்து அந்தக் கட்டத்தை வெற்றாக விட்டிருந்தார். பல வருடத் தரவில் மிக முக்கியமான நாளை நாங்களே அழித்து வைத்திருந்தோம். அளந்தவர் பெயரைப் போட ஒவ்வொரு வரியிலும் ஓர் இடம் சேர்க்கப்போகிறேன், உங்கள் பெயரைப் போடலாமா என்று நான் அக்காவிடம் கேட்டேன். "முழுப் பேரா போடு, ராமசாமி புஷ்பம்னு" என்றார். பிறகு டொக்டரின் பக்கம் திரும்பி, குற்றம் சொல்லாத குரலில், ஆனால் விட்டுக்கொடுக்காமல் சொன்னார். "அஞ்சு தடவ ஊத்தி அளந்தேன்னு அன்னிக்கே பக்கத்துல எழுதித்தானே குடுத்தேன் ஐயா, நீங்கதான் படிக்கல."

திறந்த பக்கம்

அந்த வார்த்தையோடு திரும்பி வந்தவளை இனி யார் நிறுத்துவது? எல்லாவற்றையும் கட்டி முடித்து வலையமைப்புக்கு எழுதினேன். ஒருங்கிணைப்பாளர் ஐரோப்பாவில் இருக்கும் ஒரு பெண். இரண்டு பக்கமும் சோதனைக்கு ஒரு கோப்பை அனுப்பிப் பார்த்தோம். போகவில்லை. அங்கிருந்து பார்த்தால் எங்கள் சேர்வர் இருப்பதே தெரியவில்லையாம். வீடியோவில் மிகவும் அன்பாகச் சொன்னார், உங்களைப் போன்ற சிறிய நிலையங்கள் பொதுவாக ஒரு பெரிய நிலையத்தின் சேர்வரோடு சேர்ந்துகொள்வார்கள், அதில் ஒரு குறையும் இல்லை என்று. அந்த அன்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. "குறை இல்லைதான். ஆனால் நாங்கள் அப்படிச் சேரமாட்டோம்" என்றேன்.

மூன்று நாள் ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். எந்தச் சேர்வரும் தன்னைப் பற்றிச் சொல்லும் ஒரு சின்னப் பக்கத்தை உள்நுழைவு இல்லாமல் யாரும் வாசிக்கும்படி வைத்திருக்க வேண்டும். நான் வைத்துத்தான் இருந்தேன். ஆனால் அதற்கு முன்னால் நின்ற பாதுகாப்புக் கருவி, வருகிற எல்லோரையும் பாஸ்வேட் கேட்கும் பக்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்து பார்க்கிற எனக்கு எல்லாம் சரியாகத் தெரியும், வெளியில் இருப்பவருக்குத் தெரியாது. என்னுடைய போன் இணைப்பிலிருந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது. அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தேன். அடுத்த நிமிடம் ஐரோப்பாவின் கோப்பு என் திரையில் வந்து நின்றது. நான் கதிரையை விட்டு எழுந்து, மண் பெட்டிகளுக்கு நடுவில் தனியாக நின்று கை தட்டினேன். வெட்கம் ஒன்றுமில்லை, நீங்களும் தட்டியிருப்பீர்கள். ஒருங்கிணைப்பாளரிடமிருந்து கடிதம் வந்தது. "இதே இடத்தில் மாட்டிக்கொண்டு சேராமலே போனவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் கண்டுபிடித்ததை எங்கள் வழிகாட்டியில் சேர்க்கிறேன், யாருடைய பெயரில் போடட்டும்?"

என்னுடைய பிழை

பட்டியல் மூட ஒரு வாரம் இருக்கும்போது கொழும்பிலிருந்து மீண்டும் கடிதம். தகுதியுள்ள ஒரு பொறியியலாளர் பாதுகாப்பைச் சோதிக்கும்வரை சேர்வரை நிறுத்தி வைக்கவும் என்று. எப்போது சோதிப்பார்கள் என்று எழுதவில்லை. "நிப்பாட்டாதையும்" என்றார் டொக்டர். பண்டார சேர் என்னைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார், பாதுகாப்பாக இருக்கிறதா என்று. எனக்குத் தெரிந்தவரை இருக்கிறது என்றேன். நாங்களே அவர்களை அழைப்போம், ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து புகுந்து பார்க்கட்டும், மூன்று நாள் தருவோம் என்றேன். சேர் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாம் நாளே புகுந்துவிட்டார்கள். முதல் வாரத்தில் சோதிப்பதற்காக நான் உண்டாக்கிய ஒரு தற்காலிகக் கணக்கு, சின்னப் பிள்ளைகூட ஊகிக்கக்கூடிய பாஸ்வேட். அழிக்க மறந்துவிட்டேன். எங்கள் தரவு எதையும் அந்தக் கணக்கால் பார்க்க முடியாதுதான், ஆனால் கதவு கதவுதான். முகம் எரிந்தது. மற்றவர்கள் சொல்வதற்கு முன் நானே எழுதினேன். பிழை என்னுடையது, இத்தனை மணிக்கு அழித்தேன், மற்ற எல்லாக் கணக்குகளையும் பார்த்தேன், இனிக் கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய எண் இல்லாமல் யாரும் நுழைய முடியாது என்று ஒரு பக்கம். மூன்றாம் நாள் முழுக்க முயன்றும் அவர்களால் நுழைய முடியவில்லை. நிறுத்தச் சொன்ன கடிதம் வாபஸ் ஆனது. என் அறிக்கையைத் திருப்பித் தரும்போது பண்டார சேர் சொன்னார். "இந்த நிலையத்தில் 'பிழை என்னுடையது' என்று எழுதி வந்த முதல் கடிதம் இதுதான், ஒரு கொப்பி எனக்கும் வேண்டும்."

பணிவான பதில்

பட்டியல் மூடுவதற்கு இரண்டு நாள் முன்னதாக எங்கள் நிலையத்தின் பெயர் அதில் வந்தது. பக்கத்தில் 'கண்டி' என்று இருந்தது. குமாரி மிஸ் அதையும் அச்சடித்து முத்திரை குத்தினார்.

முதல் கூட்டம் வீடியோவில். ஒரு பெரிய நிறுவனத்தின் தலைவர், கண்டி இணைப்பு அடிக்கடி விழுந்தால் எல்லோருக்கும் சிரமம், தரவு முழுவதையும் ஒரே தடவையில் எங்களுக்கு அனுப்பிவிட்டால் பாதுகாப்பாக வைத்திருப்போமே என்றார். குரலில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். "விழுந்தால் நான் எழுப்பிவிடுவேன்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். டொக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கோப்புறை உங்களுக்குத் திறந்திருக்கிறது, வாசியுங்கள், ஐயம் இருந்தால் கேளுங்கள், பயன்படுத்தும்போது அளந்தவர்களின் பெயர்களோடு பயன்படுத்துங்கள், முழுப் பிரதி தருவதற்கில்லை என்று நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார். தலைவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்றார். அவ்வளவுதான். சில மாதம் கழித்து அவர்களின் வரைவு அறிக்கை, அச்சுக்குப் போகும் முன் எங்கள் திருத்தம் கேட்டு வந்தது. தோட்டங்கள் சரியான இடத்தில் இருந்தன. பெயர்களும் இருந்தன, முழுப் பெயர்களாக. அந்த முதல் கூட்டம் முடிந்து கமெராவை அணைத்ததும், டொக்டர் கைலேஞ்சியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "பிள்ளை, நான் இங்கிலீசில மரியாதையாச் சொன்னதை உள்ளுக்க தமிழில நினைச்ச மாதிரியே சொல்லியிருந்தா, உம்மட சேர்வரே வெக்கத்தில நிண்டுபோயிருக்கும்."

எண்ணிப் பார்த்தால் சேர்வரை வலையமைப்பில் சேர்க்க எனக்கு எடுத்தது நாலைந்து நாள்தான். மிச்ச நாளெல்லாம் 'உங்களால் ஆகாது' என்றவர்களுக்கு 'ஆகும்' என்பதை வெவ்வேறு படிவங்களில் நிரப்பிக் கொடுத்ததில் போனது.